டிரிகரை இழுத்தால் 'டிக்' மட்டும்: புது ரைபிளில் பிரைமர் அடி மெலிந்தால் எங்கே தேடுவது

வாங்கி வந்த பிறகு முதல் தடவையாக ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு) கொண்டுபோன ரைபிள் அது. இருபது தோட்டா போட்டதில் மூன்று வெடிக்கவில்லை. டிரிகரை இழுத்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால், அடிப்பக்கத்தில், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரின் நடுவே நகத்தால் அழுத்திய மாதிரி லேசான ஒரு குழி. மிச்சிகனில், அக்டோபர் கடைசியில், நல்ல குளிரான ஒரு காலையில் எனக்கு நடந்தது இது. மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் அங்கே நவம்பர் 15 அன்று தொடங்கும். கையில் இருந்தது இரண்டே வாரம்.

அதற்குப் பிறகு டெட்ராய்ட் பக்கம் வேட்டைக்குப் போகும் நம் நண்பர்கள் சிலருடைய ரைபிள்களிலும் இதே கோளாறைப் பார்த்துவிட்டேன். இதற்கு 'லைட் ஸ்ட்ரைக்' என்று பெயர். பிரைமரை அடிக்க வேண்டிய அடி பலமில்லாமல் விழுகிறது என்று பொருள். பெரும்பாலானவர்கள் புது ஸ்பிரிங் வாங்கி மாட்டிப் பார்த்து, அதுவும் சரிவராத பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் வெடிக்காத தோட்டாக்களை ரேஞ்சில் உள்ள டப்பாவில் போட்டிருப்பார்கள். நான் முதலில் கேட்பது அந்தத் தோட்டாக்களைத்தான். கோளாறு எங்கே என்பதை அந்தக் குழி பாதிக்கு மேல் சொல்லிவிடும்.

முதலில் 30 விநாடி

எதையும் தேடத் தொடங்கும் முன் ஒரு விஷயம். தீபாவளிக்குத் திரி அணைந்துவிட்டது என்று நினைத்து, குனிந்து பார்த்து, முகத்தைச் சுட்டுக்கொண்ட ஒருவராவது ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். தோட்டாவும் அப்படித் தாமதமாக வெடிக்கக்கூடியதுதான். அதை 'ஹேங்ஃபயர்' என்பார்கள். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். 'டிக்' என்று கேட்டவுடன் போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் உருளையை, இழுக்கக் கூடாது. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். விரலை டிரிகரிலிருந்து எடுத்துவிட்டுக் குறைந்தது 30 விநாடி எண்ணுங்கள். அப்புறம் முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு திறக்கலாம்.

கேட்டது 'டிக்' இல்லை, அமுங்கிய 'பொட்' என்ற சத்தம் என்றால் அது வேறு கோளாறு. பிரைமர் வெடித்து, மருந்து சரியாகப் பற்றாமல், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போட்டால் குழல் வெடிக்கும். ரைபிளைக் காலி செய்து, போல்ட்டை வெளியே எடுத்து, பின்பக்கத்திலிருந்து குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

வெடிக்காத தோட்டாக்களைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, பெட்டியின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) என்ன, அன்றைக்கு எவ்வளவு குளிர் என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். அந்தச் சீட்டு பிறகு பெரிதும் உதவும்.

அடி ஏன் பலமாக விழ வேண்டும்

சிறுவயதில் பொட்டு வெடியைக் கல்லால் தட்டியிருப்போம். சிமெண்ட் தரையில் வைத்துத் தட்டினால் வெடிக்கும். மணலில் வைத்துத் தட்டினால் கல் மணலுக்குள் புதையும், வெடி வெடிக்காது. மெதுவாகத் தட்டினாலும் வெடிக்காது. பிரைமருக்குள் நடப்பதும் இதுதான். சின்ன உலோகக் கிண்ணம், அதற்குள் அதிர்ச்சியில் பற்றும் மருந்து, அதற்கு எதிரே 'ஆன்வில்' என்ற பட்டறைக்கல் போன்ற ஒரு துண்டு. ஃபயரிங் பின் கிண்ணத்தை அடிக்கும்போது மருந்து ஆன்வில்மேல் நசுங்குகிறது, பொறி பறக்கிறது. (ஃபயரிங் பின்னை இனி ஊசி என்றே சொல்கிறேன்.)

ஆக, அடி மெலிந்துபோக இரண்டு வழிதான். ஒன்று, ஊசி போதுமான வேகத்தோடு வரவில்லை. இரண்டாவது, ஊசி நன்றாகத்தான் வந்தது, ஆனால் பிரைமரோ தோட்டாவோ மணலில் வைத்த பொட்டு வெடி மாதிரி பின்வாங்கிவிட்டது. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

குழியைப் படிப்பது

கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து பிரைமரைப் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும். குழி ஆழமா, மேலோட்டமா? நடுவில் இருக்கிறதா? எல்லாத் தோட்டாவிலும் ஒரே மாதிரியா, ஒவ்வொன்றிலும் வேறுவேறா? ஒரே மாதிரி மேலோட்டமாக இருந்தால் ஊசி, ஸ்பிரிங், அளவு என்று யோசிக்கலாம். ஒன்றில் ஆழம், இன்னொன்றில் மேலோட்டம் என்று மாறிமாறி வந்தால் எங்கோ உராய்வு இருக்கிறது, அல்லது போல்ட் முழுசாக மூடவில்லை. குழி நல்ல ஆழத்தில் இருந்தும் வெடிக்கவில்லை என்றால் ரைபிளை விட்டுவிட்டுத் தோட்டாவைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெடித்த கேஸின் (தோட்டாவின் உலோகக் கூட்டின்) குழியோடு வெடிக்காததின் குழியை வைத்து ஒப்பிட்டு, "பாருங்கள், எவ்வளவு வித்தியாசம்" என்று முடிவுக்கு வராதீர்கள். வெடிக்கும்போது உள்ளிருந்து வரும் அழுத்தம் பிரைமரின் உலோகத்தை ஊசியைச் சுற்றிப் படிய வைத்துவிடும். அதனால் அந்தக் குழி எப்போதும் தெளிவாக, வார்ப்பு எடுத்தது போல இருக்கும். வெடிக்காத தோட்டாக்களைத் தங்களுக்குள்ளே ஒப்பிடுவதுதான் பயன் தரும்.

அறிகுறி: குளிரில்தான் வருகிறது, குழியின் ஆழம் மாறிமாறி இருக்கிறது

என் ரைபிளில் இருந்தது இதுதான். புது போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் (ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் வகை) அடிக்கடி பார்ப்பதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

துரு பிடிக்காமல் இருக்க, தயாரிக்கும் இடத்தில் எண்ணெயோ கெட்டியான கிரீஸோ பூசித்தான் அனுப்புவார்கள். குழலைத் துடைக்க எல்லோருக்கும் தெரியும். போல்ட்டின் உள்ளே, ஊசியும் ஸ்பிரிங்கும் ஓடும் பள்ளத்துக்குள்ளும் அது இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கடையின் கதகதப்பில் அது எண்ணெய். உறைநிலைக்குப் பக்கத்தில் அதுவே தேன் மாதிரி ஆகிவிடும். ஊசி அதைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். நல்ல ஸ்பிரிங்கின் பலமும் வழியிலேயே தீர்ந்துபோகும். ஒவ்வொரு தடவையும் கிரீஸ் இடம் மாறுவதால் குழியின் ஆழமும் ஒரே மாதிரி இருக்காது.

வீட்டில் சரிபார்க்க: ரைபிள் காலி என்று இரண்டு முறை உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, உங்கள் ரைபிளோடு வந்த கையேட்டில் சொன்ன முறையில் போல்ட்டைப் பிரியுங்கள். சில போல்ட் கையாலேயே இழுத்துத் திருப்பினால் வந்துவிடும், சிலவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். உள்ளே இருப்பது அழுத்தப்பட்ட ஸ்பிரிங், அதை மறக்க வேண்டாம். மரைபோட்டுக் கழற்றும் வகை என்றால் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சில வடிவங்களில் அந்தச் சுற்றுதான் ஊசி எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வெள்ளைத் துணியால் ஊசியைத் துடைத்துப் பாருங்கள். துணி பழுப்பாகவோ மஞ்சளாகவோ வந்தால் பாதி வேலை முடிந்தது. ஊசி, ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்று, போல்ட்டின் உட்புறம், முகப்பில் ஊசி வெளியே வரும் சின்ன ஓட்டை, எல்லாவற்றையும் துப்பாக்கிக்கான கரைப்பான் போட்டுக் கழுவுங்கள். அந்த ஓட்டையைப் பல் குத்தும் குச்சியால் சுற்றிப் பார்ப்பது நல்லது. கடைசல் வேலையில் உதிர்ந்த இரும்புச் சுருள் ஒன்று அங்கே ஒட்டியிருந்ததை ஒரு நண்பரின் புது ரைபிளில் பார்த்திருக்கிறேன். கழுவி முடித்ததும் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையிலேயே திரும்பப் பூட்டுங்கள். எண்ணெய் போட்டே ஆக வேண்டும் என்றால், ஒரு சொட்டை விரலில் தேய்த்து ஸ்பிரிங்கில் தடவி, அதையும் துணியால் துடைத்துவிடுங்கள். உள்ளே நிறைய எண்ணெய் விடுவது பாதுகாப்பு என்று நினைத்துத்தான் பலர் இந்தக் கோளாறைத் தாங்களே திரும்ப வரவழைக்கிறார்கள்.

இன்னொன்று, வேட்டைக்காரர்களுக்கு. குளிரில் இருந்த ரைபிளை ஹீட்டர் ஓடும் காருக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் வியர்க்கும், போல்ட்டுக்குள்ளும் வியர்க்கும். மறுபடி வெளியே கொண்டுபோனால் அந்த ஈரம் பனிக்கட்டியாகும். ஊசிக்கு அது கிரீஸைவிட மோசம். சீசன் நாட்களில் ரைபிளைக் காலி செய்து, உறையில் போட்டு, பூட்டிய குளிரான இடத்திலேயே வைத்துவிடுவது என் வழக்கம்.

'எனக்குப் புதுசு' என்ற வகையில் பழைய ராணுவ ரைபிள் வாங்கியவர்களுக்கும் இதே பகுதிதான், இன்னும் அழுத்தமாக. மோசின்-நகான்ட், எஸ்கேஎஸ் போன்றவை காஸ்மோலின் என்ற மெழுகுபோன்ற கிரீஸில் பல பத்தாண்டுகள் ஊறிக் கிடந்தவை. எஸ்கேஎஸ்ஸில் இது வெறும் 'டிக்'கோடு நிற்காது. பெரும்பாலானவற்றில் ஊசிக்குப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. கிரீஸில் ஊசி முன்பக்கமாக ஒட்டிக்கொண்டால் போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும், டிரிகரைத் தொட வேண்டியதே இல்லை. அதனால் முழுசாகப் பிரித்துக் கழுவும் வரை அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

அறிகுறி: போல்ட்டை மெதுவாக மூடினால் வருகிறது, ஓங்கி மூடினால் வருவதில்லை

ஒரு நண்பர் கேட்டார்: "அண்ணா, ரேஞ்சில் நூறு சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை. காட்டில் மான் முன்னால் நின்றபோது 'டிக்'. என்ன செய்வது?"

"காட்டில் எப்படி மூடினீங்க?" என்று கேட்டேன்.

சத்தம் கேட்டு மான் ஓடிவிடக் கூடாதே என்று, கைப்பிடியைப் பூப்போல அழுத்தி மூடியிருக்கிறார். காரணம் அதுதான். போல்ட் கைப்பிடி முழுசாகக் கீழே இறங்காமல் ஒரு நூல் மேலே நின்றால், டிரிகர் விடுவிக்கும் ஊசியின் பின்பகுதி நேராக முன்னே போகாது. போல்ட்டில் வெட்டியிருக்கும் சரிவில் மோதி, கைப்பிடியைக் கீழே இறக்கும் வேலையைத் தானே செய்யும். அந்த வேலையில் பலத்தை இழந்துவிட்டுத்தான் பிரைமருக்குப் போய்ச் சேரும். 'டிக்' சத்தத்தோடு கைப்பிடி லேசாகத் துள்ளியதா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். துள்ளியிருந்தால் சந்தேகமே இல்லை. மெதுவாக மூடலாம், தப்பில்லை. கடைசியில் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி, கைப்பிடி அடிவரை போனதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓங்கி மூடினாலும் கைப்பிடி அடிவரை போகவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது. ஸ்கோப்பின் கண்பக்கம் அகலமாக இருந்து கைப்பிடி அதில் உரசலாம். புது ஸ்டாக் (ரைபிளின் கட்டை) மாட்டியவர்களுக்குக் கைப்பிடி இறங்கும் பள்ளம் போதாமல் இருக்கலாம். மடித்த ஒரு காகிதத் துண்டைக் கைப்பிடிக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு இழுங்கள். கைப்பிடி மூடிய நிலையில் காகிதம் தாராளமாக வெளியே வர வேண்டும்.

ஏஆர்-15 வகையில் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள்) இதே கதை வேறு வேடத்தில் வரும். சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டைப் பின்னிழுக்கும் பிடியை) முழுசாக இழுத்து விட்டுவிட வேண்டும், அதுவாகவே அறைந்து மூட வேண்டும். கையோடு பிடித்தபடி மெதுவாக முன்னே விட்டால் போல்ட் முழுசாகப் பூட்டாமல் நிற்கும். அப்போது ஊசியைத் தட்டும் ஹேமரின் அடி ஊசியில் முழுசாக விழாமல், போல்ட்டைத் தாங்கும் கேரியரின்மேல் போய்விடும். பக்கத்தில் இருக்கும் ஃபார்வர்ட் அசிஸ்ட் பொத்தானை ஒரு தட்டு தட்டுவது இதற்காகத்தான். ஆனால் தோட்டாவே உள்ளே போக மறுத்தால் அந்தப் பொத்தானால் அடித்து ஏற்றாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: முதல் அடியில் 'டிக்', அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடிக்கிறது

முதல் அடியின் பலம் எதையோ தள்ளுவதில் போயிருக்கிறது. இரண்டாவது அடிக்குத் தள்ள ஒன்றும் மிச்சமில்லை, அதனால் வெடித்தது. மணலில் வைத்த பொட்டு வெடி, மணல் இறுகிய பிறகு வெடிப்பது போல.

தோட்டாவை நீங்களே நிரப்புகிறவர் என்றால், முதல் குற்றவாளி மேலே தூக்கி நிற்கும் பிரைமர். பிரைமர் கேஸின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, பொதுவாக 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆன்வில்லின் கால்கள், கேஸில் பிரைமர் அமரும் குழியின் அடியில் உறுதியாக ஊன்றும். சுட்ட கேஸைக் கழுவாமல், பிரைமர் குழியில் கரி அடைந்த நிலையிலேயே புது பிரைமரைத் திணித்தால் அது முழுசாக இறங்காது. ஊசியின் முதல் அடி அதை இறக்கி வைக்கும், அடுத்த அடி வெடிக்க வைக்கும். நிரப்பி முடித்த ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் தனியே வையுங்கள். மருந்தும் குண்டும் ஏற்றிய தோட்டாவின் பிரைமரை மறுபடி அழுத்தி உள்ளே தள்ள முயலாதீர்கள். அது கையிலேயே வெடிக்கும். குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, பிறகு பாருங்கள்.

தோட்டா எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்பதும் இங்கே முக்கியம். .308 மாதிரி தோள் (கேஸ் கழுத்துப்பக்கம் ஒடுங்கும் சரிவு) உள்ள தோட்டா தோளில் ஊன்றும். மிச்சிகனின் தென்பகுதியில் நேர்ச்சுவர் தோட்டாக்கள் 2014 முதல் அனுமதிக்கப்பட்டன. அதற்குப் பிறகு .450 புஷ்மாஸ்டரும், 2019-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்டும் எங்கள் பக்கம் வீடுதோறும் வந்துவிட்டன. இவற்றுக்குத் தோளே கிடையாது. கேஸின் வாய்விளிம்புதான் சேம்பரின் (குழலில் தோட்டா அமரும் அறையின்) படியில் ஊன்றும். குண்டு அசையாமல் இருக்கட்டும் என்று வாய்விளிம்பை உட்பக்கமாகச் சுருட்டிவிட்டால் ஊன்ற விளிம்பே இருக்காது. தோட்டா இன்னும் உள்ளே வழுக்கும், ஊசிக்கு எட்டாமல் போகும். கேஸை அளவுக்கு மேல் வெட்டிக் குட்டையாக்கினாலும் இதேதான். .350 லெஜண்டில் கையால் நிரப்பிய தோட்டா 'டிக்' என்றால் நான் ரைபிளைத் தொடவே மாட்டேன், முதலில் வாய்விளிம்பைப் பார்ப்பேன். குண்டைப் பிடிக்க வாய்விளிம்பை லேசாகச் சரித்து அழுத்தும் கிரிம்ப் மட்டும் போதும், விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

கடையில் வாங்கிய தோட்டாவும் இப்படியே செய்கிறதா? அப்படியானால் சேம்பரே நீளமாக வெட்டப்பட்டிருக்கலாம். ஹெட்ஸ்பேஸ் கோளாறு என்பது இதுதான். சுட்ட கேஸ்களின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளப்பான ஒரு வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை லேசாக வளைத்து, கேஸின் உள்ளே அதே இடத்தில் சுவரை வருடுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் கேஸ் அங்கே நீண்டு மெலிந்திருக்கிறது. சுடுவதை அங்கேயே நிறுத்துங்கள். அடுத்தது கேஸ் இரண்டாகக் கிழிவதுதான். இதற்கு அளவுக்கட்டைகள் உண்டு. .308-க்கு 'கோ' 1.630 அங்குலம், 'நோ-கோ' 1.634 அங்குலம். முதலாவதில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. நல்ல துப்பாக்கிப் பட்டறையில் ஐந்து நிமிட வேலை. புது ரைபிள் இதில் தவறினால் சரிசெய்ய வேண்டியவர் தயாரித்தவர்தான், நீங்கள் இல்லை.

அறிகுறி: ஒரு பெட்டித் தோட்டாவில் மட்டும்

மூன்று தயாரிப்பாளர்களின் தோட்டாவை ஆளுக்குப் பத்து என்று சுட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் 'டிக்' வந்தால் ஒன்று அந்த லாட் மோசம், அல்லது அதன் பிரைமர் கெட்டியானது. பிரைமர்கள் எல்லாம் ஒரே கடினம் இல்லை. ராணுவ ரகத் தோட்டாக்களில் வேண்டுமென்றே கடினமாக வைப்பார்கள். சிசிஐ நிறுவனத்தின் 41 எண் பிரைமர் அந்த ராணுவ அளவுக்குச் செய்யப்பட்டது. காரணம் ஏஆர் வகையின் ஊசி, அதைக் கீழே சொல்கிறேன். ரஷ்யாவிலிருந்து வந்த இரும்புக் கேஸ் தோட்டாக்களின் பிரைமரும் கெட்டி. 7.62x39 தோட்டாவுக்கென்று செய்த ஏஆர் ரைபிள்களில் 'டிக்' தொல்லை அடிக்கடி கேட்பது அதனால்தான். இத்தனை காரணம் இருந்தாலும், வேட்டை ரைபிளுக்கு என் யோசனை எளியது: அந்தத் தோட்டாவை மாற்றுங்கள், ரைபிளை மாற்றாதீர்கள்.

அறிகுறி: டிரிகர் மாற்றிய பிறகு தொடங்கியது

ஏஆர் வைத்திருப்பவர்களுக்கு இது. இழுக்க லேசாக இருக்க வேண்டும் என்று பலம் குறைந்த ஸ்பிரிங் போட்டால், டிரிகர் லேசாகும், அடியும் லேசாகும். பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதைவிட அதிகம் பார்ப்பது, தானே பூட்டிய ரைபிளில் ஹேமர் ஸ்பிரிங் தலைகீழாக இருப்பது. அப்படியும் ஹேமர் பூட்டும், விழும். பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், ஆனால் அடியில் பலம் இருக்காது. சரியான நிலை இதுதான்: ஸ்பிரிங்கின் இரண்டு கால்களும் டிரிகர் பின்னின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், இரண்டையும் இணைக்கும் வளைவு ஹேமரின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். கால்கள் டிரிகர் இருக்கும் கூட்டின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிரித்துப் பூட்டுங்கள்.

அறிகுறி: சுடவே இல்லை, ஆனால் பிரைமரில் சின்னப் புள்ளி

இது கோளாறே இல்லை. ஏஆர் வகையில் ஊசியைப் பின்னால் பிடித்துவைக்க ஸ்பிரிங் இல்லை, அது சுதந்திரமாக ஓடும். போல்ட் அறைந்து மூடும்போது ஊசி தன் வேகத்தில் முன்னே வந்து பிரைமரை முத்தமிட்டுவிட்டுப் போகும். 1960-களின் தொடக்கத்தில் இந்தத் தொடுதலே சில தோட்டாக்களை வெடிக்க வைத்ததால்தான் ஊசியின் எடையைக் குறைத்தார்கள். தோட்டாவைக் காலி செய்து பார்த்து "லைட் ஸ்ட்ரைக்" என்று பயந்து கனமான ஊசி வாங்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இல்லாத கோளாறுக்கு மருந்து போட்டு, நிஜமான ஆபத்தை வாங்குகிற வேலை அது. செய்ய வேண்டியது ஒன்றே: ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்காதீர்கள்.

அறிகுறி: எல்லாத் தோட்டாவிலும் எப்போதும் ஒரே மேலோட்டமான குழி

சுத்தம் செய்தாயிற்று, முழுசாக மூடுகிறது, தோட்டா மாற்றியாயிற்று, ஆனாலும் அப்படியே என்றால் இனி அளவெடுக்க வேண்டும். போல்ட்டை வெளியே எடுத்து, ஊசி விடுபட்ட நிலையில், முகப்பிலிருந்து ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியர் காலிப்பரின் ஆழம் பார்க்கும் கம்பியால் பாருங்கள். ஏஆர்-15-ல் ஊசியை முழுசாக முன்னே தள்ளிய நிலையில் 0.028 முதல் 0.036 அங்குலம் இருக்க வேண்டும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களில் இதைவிட அதிகம், 0.055 அங்குலத்தை ஒட்டி இருப்பது வழக்கம். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள், உங்கள் ரைபிளின் அளவைத் தயாரித்தவரிடமே கேளுங்கள். மோசின்-நகான்ட்டின் கருவியிலேயே 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். குறைந்த அளவும் கூடிய அளவும் அவைதான், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்.

நீட்டம் சரியாக இருந்தால் மட்டும் ஊசி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நீளம் வேறு, வேகம் வேறு. நீட்டம் சரி, அடி மெலிவு என்றால் அப்போதுதான் ஸ்பிரிங்கின் முறை. நீட்டம் குறைவு என்றால் ஊசியின் நுனி உடைந்திருக்கலாம், அல்லது தவறாகப் பூட்டியிருக்கலாம். எது எப்படியானாலும் நீளமான ஊசியை வாங்கி அரம் போட்டுப் பொருத்தாதீர்கள். நீட்டம் கூடினால் ஊசி பிரைமரைத் துளைத்துவிடும், சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும்.

குழி நடுவிலிருந்து விலகியிருந்தால், கொஞ்சம் என்றால் பரவாயில்லை. கிண்ணத்தின் ஓரத்துக்கே போயிருந்தால் அது வீட்டில் தீரும் விஷயம் இல்லை.

.22 ரிம்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தனி பிரைமர் கிடையாது, மருந்து விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கும். சில நேரம் ஒரு பக்கம் மருந்து போய்ச் சேர்ந்திருக்காது. 30 விநாடி காத்திருந்து, தோட்டாவை அரைவட்டம் திருப்பி மறுபடி போடுங்கள். வெடித்தால் தோட்டாவின் குறை. திருப்பித் திருப்பிப் போட்டும் வெடிக்காமல் தேய்ந்த குழிகள் மட்டும் வந்தால் சேம்பரின் விளிம்பைச் சுத்தம் செய்யுங்கள்.

திருப்பி அனுப்புவது என்றால்

புது ரைபிளுக்கு உத்தரவாதம் உண்டு, அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். சுத்தம் செய்வதும் அளவெடுப்பதும் உங்கள் வேலை, அரமும் துளைக்கருவியும் உங்கள் வேலை இல்லை. ஸ்பிரிங்கோ டிரிகரோ மாற்றியிருந்தால் பழையதை மாட்டிவிட்டு, அதையும் கடிதத்தில் சொல்லி அனுப்புங்கள். அமெரிக்காவில் உரிமையாளர் தன் ரைபிளைப் பழுதுபார்க்க உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்பலாம், அவர்களும் நேரடியாக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். நடுவில் கடைக்காரர் தேவையில்லை.

வெடிக்காத தோட்டாக்களை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். அவை இன்னும் உயிருள்ளவை, ரைபிளோடு சேர்த்து அனுப்பக் கூடாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் குழியையும் படமெடுத்து, சுட்ட காலிக் கேஸ்கள் நாலைந்தும், நீங்கள் எழுதி வைத்த சீட்டும் சேர்த்து அனுப்புங்கள். எத்தனை சுட்டதில் எத்தனை 'டிக்', எந்த லாட், எவ்வளவு குளிர், இரண்டாவது அடியில் வெடித்ததா என்று அதில் இருக்கட்டும். திரும்பி வந்த பிறகு, காட்டில் போடப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது ஐம்பது சுட்டுப் பாருங்கள். அதில் பாதியையாவது குளிரான காலையில் சுடுங்கள். நான் அன்று கழுவிப் பூட்டிய போல்ட்டோடு நவம்பர் 12 காலையில் ரேஞ்சுக்குப் போய் நாற்பது சுட்டேன். நாற்பதும் வெடித்தன.